அப்பாவுக்குக் காட்டிய வெளிச்சம்

வயலில் போலவே விதை, வளர்ப்பு என்றுதான் எங்கள் ஆய்வகத்திலும் பேச்சு ஓடும். நாங்கள் வளர்ப்பது துத்தநாக ஆக்சைடின் நானோ குச்சிகளை. ஜிங்க் அசிடேட் கரைசலைக் கண்ணாடித் தகட்டில் சுழற்றிப் பூசி 350 டிகிரியில் சுட்டால் துத்தநாக ஆக்சைடு விதைப்படலம் உண்டாகும். ஜிங்க் நைட்ரேட்டும் ஹெக்சமீனும் கரைந்த நீரில் அதைக் கவிழ்த்து 90 டிகிரியில் நாலு மணி நேரம் வைத்தால், நாற்றங்கால் போல நெருக்கமாக, கண்ணுக்குத் தெரியாத அறுகோணக் குச்சிகள் எழும்பும். கவிழ்க்காவிட்டால் கரைசலில் உண்டாகும் வண்டல் மேலே படிந்து வளர்ந்ததையெல்லாம் மூடிவிடும்.

திருவையாறு பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. வேலையைப் பற்றி முதன்முதலில் விளக்கியபோது அப்பா கேட்டார்: "ஜிங்க்கா? நடவுக்கு முன்னாடி மணல்ல கலந்து தூவுறோமே, அதுவா?" ஏக்கருக்குப் பத்து கிலோ ஜிங்க் சல்பேட். ஆமாம்ப்பா, அதே துத்தநாகம்தான் என்றேன். அதற்கப்புறம் என் வேலை அவருக்கு அந்நியமாக இல்லை.

எனக்கு வேண்டியது குச்சி இல்லை, குழல். குச்சியை வெதுவெதுப்பான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டால் நடுப்பகுதி முதலில் கரையும். குச்சியின் மேல்முகம் நிலையற்றது. ஆறு பக்கச் சுவர்களும் உறுதியானவை. அதனால் மூங்கில் போல உள்ளே வெற்றிடம் விழுகிறது. சொல்ல எளிது. சீக்கிரம் எடுத்தால் தலையில் ஒரு குழி மட்டும். விட்டுவிட்டால் சுவரும் போய்விடும். அந்த நடு நேரத்தைப் பிடிக்க எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது.

ஒரு கோடையில் குச்சிகளே சரியாக வரவில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் எல்லாம் குட்டையாக, தடித்து, சில இடங்களில் வெறும் தட்டுகளாகக் கிடந்தன. வேதிப்பொருளை மாற்றினோம், அடுப்பை மாற்றினோம். கடைசியில் என் மாணவி தயங்கிச் சொன்னாள்: "மேடம், வாலை வடிநீர் மெஷின் ரிப்பேர். பத்து நாளா கேன் தண்ணிதான் ஊத்துறேன்." அவள் மேல் கோபம் வரவில்லை, கேட்காமல் விட்டது நான். தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரைடு அயனிகள் குச்சியின் மேல்முகத்தில் ஒட்டிக்கொண்டு, மேல்நோக்கிய வளர்ச்சியைத் தடுக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதிரியின் பெட்டியிலும் தேதியோடு எந்தத் தண்ணீர் என்றும் எழுதுகிறோம்.

இனி ஒளி. வளர்ந்ததன் மேல் புற ஊதா ஒளியை அடித்து, அது திருப்பி உமிழும் ஒளியின் நிறமாலையைப் பார்ப்போம். துத்தநாக ஆக்சைடின் ஆற்றல் இடைவெளி, அதாவது உள்ளே கட்டுண்ட எலக்ட்ரான் மேலேறத் தாண்ட வேண்டிய ஆற்றல், சுமார் 3.37 எலக்ட்ரான் வோல்ட். மேலேறிய எலக்ட்ரானும் அது விட்டுப்போன காலியிடமான துளையும் 60 மில்லி எலக்ட்ரான் வோல்ட் பிணைப்போடு ஜோடி சேர்ந்திருக்கும். அறை வெப்பத்தின் ஆற்றல் சுமார் 26 தான். அதனால் சாதாரண வெப்பநிலையிலும் அந்த ஜோடி பிரியாமல் இருந்து, 380 நானோமீட்டர் அருகே புற ஊதா ஒளியைத் தருகிறது. நிறமாலையில் எல்லாரும் துரத்துவது இந்த முகட்டைத்தான். அதற்கு அப்பால், கண்ணுக்குத் தெரியும் பகுதியில், பச்சையிலிருந்து மஞ்சள் வரை அகலமாக ஒரு மேடு வரும். அது படிகத்தின் குறைகளிலிருந்து வருவது. எந்தக் குறை, ஆக்சிஜன் இல்லாத இடமா, துத்தநாகம் இல்லாத இடமா என்று இன்றும் வாதம் நடக்கிறது. குழலில் உள்சுவரும் சேர்வதால் மேற்பரப்பு கூடுகிறது, மேற்பரப்புக் குறைகளும் கூடுகின்றன, மேடும் உயர்கிறது.

அந்த மேட்டைக் குறைத்துக் காட்டத்தான் புதிதாக வருகிறவர்கள் ஆசைப்படுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது நிறமாலை வந்ததும் முதலில் அந்த மேட்டைத்தான் பார்க்கிறேன். பயிரின் இலையைப் பார்த்து அப்பா மண்ணைச் சொல்வது போல, எந்தச் சூட்டில், எந்தக் காற்றில் வளர்ந்தது என்று அதில் ஓரளவு படித்துவிடலாம்.

போன ஐப்பசியில் மழைக்கு ஒதுங்கி அப்பா ஆய்வகத்துக்கு வந்தார். விளக்கை அணைத்துவிட்டு, வளர்ந்த பிறகு சுடாத மாதிரி ஒன்றின் மேல் 365 நானோமீட்டர் டார்ச்சை அடித்தேன். மங்கலான மஞ்சள். வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"மஞ்சளா இருக்கேம்மா. ஏதும் நோவா?"

"இல்லப்பா. தண்ணியில வளர்ந்தா இந்த நிறம் வரும்."

"பச்சையா ஆகுமா?"

"ஆர்கான் வாயுவுல சுட்டா எங்க மாதிரிகள் பச்சைக்கு வந்திருக்கு."

"சரி, சுடு. பாத்துட்டே போறேன்."

உலையை ஓடவிட்டேன். சூடேறி, ஆறி வர இருட்டிவிடும் என்றேன். அவர் குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.