குறிஞ்சிப்பாடியில் ஒரு மயிலிட்டிக்காரர்

கடலூரிலிருந்து வடலூர் போகிற வழியில் குறிஞ்சிப்பாடி என்றதும் நமக்குக் கைலிதான் ஞாபகம் வரும். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருப்பது கடலூர்க்காரர்கள் பலருக்கே தெரியாது. நண்பருக்குப் பழக்கமான ஒரு பெரியவரைப் பார்க்கத்தான் இறங்கினோம். வெளியாட்கள் நினைத்தபடி முகாமுக்குள் போக முடியாது என்பதால், அவரே டீக்கடைக்கு வந்துவிட்டார்.

"வாங்கோ தம்பி, இருங்கோ" என்றார். யாழ்ப்பாணத்து வடகரையில் மயிலிட்டி அவருக்கு ஊர். 1990இல் சண்டை மறுபடி மூண்டபோது குடும்பத்தோடு கிளம்பி, படகில் இந்தக் கரை சேர்ந்தவர். கடலில் வளர்ந்த மனிதர், இங்கே பெயிண்ட் அடித்துத்தான் பிள்ளைகளை ஆளாக்கியிருக்கிறார். டம்ளரைப் பிடித்த விரல்களில், நகக்கண் ஓரமெல்லாம் வெள்ளை ஒட்டியிருந்தது.

2009இல் போர் முடிந்துவிட்டதே, போய்விடலாமே என்று கேட்டேன். பாலிதீன் உறையிலிருந்து காணி உறுதியின், அதாவது நிலப் பத்திரத்தின், நகலை எடுத்து வைத்தார். மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்தே இல்லை. "துறைமுகத்தை 2017இல விட்டவங்கள். எங்கட காணிக்குள்ள இன்னும் ஆமிதான். கம்பிவேலிக்கு வெளியில நிண்டு பாத்துட்டு வரவோ?"

யாழ்ப்பாணத்துக்கு 2014இல் மறுபடி ரயில் வந்தது. நல்லதுதான். ஆனால் தண்டவாளம் போட்டதோடு நாடு ஒன்றாகிவிடாது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் போட்டதில் விழுந்த விரிசல் அது. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை அரசியல் சட்டத்தில் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது, மாகாண சபைகளையும் தந்தது. காணி அதிகாரமும் போலீஸ் அதிகாரமும் மட்டும் ஏட்டிலேயே நின்றுவிட்டன. வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்ததே 2013இல். 2018இல் அதன் காலம் முடிந்த பிறகு, தேர்தல் இல்லாமலே வருடங்கள் ஓடுகின்றன. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் 2017இல் கிளிநொச்சியில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லாமல் எந்த நல்லிணக்கத்தைப் பேசுவது?

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். 1990இல் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிய முஸ்லிம்களில் அவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதரும் ஒருவர். "அவனுக்கும் அவன்ர காணி கிடைக்கவேணும். எனக்கு மட்டும் கிடைச்சால் அது நியாயமில்லை." அன்று நான் கேட்டதிலேயே பெரிய பேச்சு இதுதான்.

நம் பக்கமும் யோசிக்க வேண்டியது இருக்கிறது. அவர் மகள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, கல்யாணமும் ஆனவர். குடியுரிமை இல்லை. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழர் இல்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், நீதிமன்றம் வரை போய்ப் போராடித்தான் பாஸ்போர்ட் வாங்கி 2024 தேர்தலில் ஓட்டுப் போட்டார். எல்லாரும் கோர்ட் ஏற முடியுமா?

கிளம்பும்போது, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடுகிறார்களாமே, அதில் தன்னை ஏற்றுவார்களா என்று கேட்டார். மயிலிட்டி அதற்குப் பக்கத்து ஊர். பாஸ்போர்ட் வேண்டும் என்றேன். சென்னையில் இலங்கைத் துணைத் தூதரகம் எங்கே இருக்கிறது, எந்தப் பஸ்ஸில் போக வேண்டும் என்று நண்பரிடம் விசாரிக்க ஆரம்பித்தார்.