பாக்கெட்டுக்குள்ள ஒரு தாளம்

2019 பிப்ரவரி, பர்மிங்காம்ல படிச்சுட்டு இருந்தப்போ சிம்பனி ஹாலுக்கு தபலா மேதை ஜாகிர் உசேன் வர்றாருன்னு தெரிஞ்சதும் கையில காசு இருக்கா இல்லையான்னு கூட பாக்காம பால்கனில ஒரு டிக்கெட் போட்டுட்டேன். சிம்பனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவோட டூர் அது, 2006ல மும்பைல ஆரம்பிச்ச மேற்கத்திய இசைக்குழு. ஜாகிர் எழுதின 'பேஷ்கார்' நடுவுல. தபலாவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்த கான்செர்ட்டோ, இவங்களுக்காகவே எழுதி 2015ல மும்பைல முதல்ல வாசிச்சது. முன்னாடி ஜெர்மன்காரர் வெபரோட 'ஓபரான்', இன்டர்வெல்லுக்கு அப்புறம் ரஷ்யக்காரர் ரிம்ஸ்கி-கோர்சகோவோட 'ஷெஹரசாட்'. தபலா முடிஞ்சதும் நைசா கிளம்பி ரூமுக்குப் போய் சாப்பிடலாம்னுதான் பிளான்.

ஓபரான் 1826ல வந்த ஓபரா, வாசிச்சது அதோட முன்னிசை மட்டும். ஆரம்பத்துல ஒத்தை ஹார்ன், ரொம்ப மெதுவா மூணே மூணு சுரம், ச ரி க, அவ்ளோதான். சத்தியமா மூச்சு விடக்கூட யோசிச்சேன்.

அப்புறம் பேஷ்கார். தபலா கச்சேரில ஆரம்பத்துல அவசரமே இல்லாம தாளத்தை விரிச்சுட்டுப் போறதுக்கு அந்தப் பேரு. குறையும் சொல்லணும், சில இடத்துல வயலின்காரங்க எல்லாம் சும்மா நீளமா இழுத்துட்டு இருக்க, சினிமா பேக்ரவுண்டு மாதிரி ஆயிடுச்சு. ஆனா அவர் தனியா வாசிச்சப்போ, இடது உள்ளங்கைய பாயா மேல, அதான் தபலா ஜோடியில இடது பக்கம் இருக்கிற பெரிசு, அழுத்தித் தேய்க்க அந்த 'கூம்' வளைஞ்சு மேல ஏறுது பாருங்க, நம்ம ஊரா இருந்தா நாலு பேராவது வாய்விட்டு ஆஹான்னு இருப்பாங்க, இங்க எல்லாரும் கைய கட்டிட்டு உக்காந்திருக்காங்க. 2024 டிசம்பர்ல அவர் இறந்து போன செய்தி வந்தப்போ முதல்ல ஞாபகம் வந்தது அந்த 'கூம்'தான். ஆர்கெஸ்ட்ராக்காரங்க வாசிக்கிற சுரமெல்லாம் பேப்பர்ல எழுதி இருக்கு, அது எந்தப் பேப்பர்ல இருக்கு?

இன்டர்வெல்ல கிளம்பல. வெளிய குளிரு, வேற காரணம் ஒண்ணும் இல்ல.

ஷெஹரசாட் 1888ல எழுதினது, ஹார்ப் துணையோட ஒத்தை வயலின் ஆயிரத்தோரு இரவுகள்ல கதை சொல்ற பொண்ணு ஷெஹரசாடா வரும், அதெல்லாம் அழகுதான், ஆனா என்னைப் பிடிச்சு உக்கார வச்சது நாலாவது பகுதி. செம வேகம். அதுல ஆறு மாத்திரைய ஒரு தடவை மூணு மூணா ரெண்டு பங்கா பிரிக்கிறாங்க, அடுத்த நொடி ரெண்டு ரெண்டா மூணு பங்கு! இதைத்தானய்யா தபலால அரை மணி முன்னாடி பாத்தோம்னு தோணுச்சு, அந்தக் காது இன்னும் ஆஃப் ஆகல போல. என்னையும் அறியாம தொடையில தாளம் போட ஆரம்பிச்சுட்டேன், ரெண்டு தடவை தப்பி மறுபடி பிடிச்சேன், அதுக்குள்ள பக்கத்து சீட்டு பாட்டி திரும்பி ஒரு பார்வை பாத்தாங்க.

கைய எடுத்து ஜாக்கெட் பாக்கெட்ல விட்டுக்கிட்டேன். உள்ள விரல் எண்ணிட்டேதான் இருந்துச்சு.