முழங்காலுக்குள் ஒரு பள்ளம்

மாசி 6
எம்.ஆர்.ஐ. அறிக்கை கிடைத்தது. வலது தொடையெலும்பின் முனையில், ஏறத்தாழ ஒன்றரைச் சதுர சென்ரிமீற்றர் அளவுக்குக் குருத்தெலும்பு எலும்பு தெரியும்வரை பெயர்ந்திருக்கிறது. திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தில் பந்தை மறித்துத் திரும்பியபோது பட்ட அடியை வெறும் சுளுக்கு என்று எண்ணி, ஐந்து மாதங்களை எண்ணெய் பூசியே கழித்துவிட்டேன்.

மாசி 7
அம்மா சூப்புக்கு வாங்கி வந்த ஆட்டுக்கால் மூட்டைக் கழுவி, சன்னலோர வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீலம் ஓடிய வெண்மையில் பளபளத்த குருத்தெலும்பு உறை நுங்கைப்போல வழுக்கியது; நகத்தால் அழுத்தியபோது சற்றே உள்வாங்கி மீண்டது. மனித முழங்காலில் இதன் தடிப்பு சில மில்லிமீற்றர்தான். அதிலும் பெரும்பகுதி நீர். நரம்பு இல்லாததால் தேய்வதை அது உணர்த்துவதில்லை. இரத்தக்குழாய் இல்லாததால் காயத்தை ஆற்றும் கலங்கள் அங்கு வந்து சேர்வதுமில்லை. அழிந்த குருத்தெலும்பு மீளாது என்று உடற்கூற்றியல் மருத்துவர் வில்லியம் ஹன்ரர் 1743இலேயே எழுதியிருக்கிறார்.

மாசி 15
கொழும்பில் எலும்பியல் சத்திரசிகிச்சை நிபுணரைச் சந்தித்தேன். அவர் மூன்று வழிகளை விளக்கினார். பள்ளத்தின் அடியெலும்பில் நுண்துளைகள் இட்டால், எலும்பு மச்சையிலிருந்து கசியும் இரத்தம் உறைந்து, அதிலுள்ள மூலவுயிர்க் கலங்கள் புதிய இழையமாக வளரும். 1980களில் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்ரெட்மன் பரவலாக்கிய முறை இது. எளிதானதுதான், ஆனால் வளர்வது நார்த்தன்மையுள்ள குருத்தெலும்பு. அசலின் உறுதி அதற்கு இல்லாததால் சில ஆண்டுகளில் பலருக்குப் பலன் குறைந்துவிடுகிறது. நோயாளியின் கலங்களையே ஆய்வுகூடத்தில் பெருக்கி மீண்டும் வைக்கும் முறையைச் சுவீடன் மருத்துவர்கள் 23 பேரிடம் செய்து 1994இல் வெளியிட்டார்கள். அது பெரிய பள்ளங்களுக்கு ஏற்றது. இரண்டு சத்திரசிகிச்சைகளும் பெருஞ்செலவும் வேண்டும்.

எனக்கு அவர் பரிந்துரைத்தது ஹங்கேரியின் லாஸ்லோ ஹங்கோடி வளர்த்தெடுத்த முறை: சுமை குறைவாக விழும் இடத்திலிருந்து எலும்போடு சேர்த்துச் சிறு உருளைகளாகக் குருத்தெலும்பை எடுத்துப் பள்ளத்தில் நெருக்கமாகப் பதிப்பது. தம்பலகாமத்து வயலில் நாற்றைப் பிடுங்கி நடுவதுதான் நினைவுக்கு வந்தது. பிடுங்கிய இடம் நோகலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அசல் குருத்தெலும்பே கிடைக்கும் என்பதால் இதற்கே இசைந்தேன்.

மாசி 16
“எனக்கும் இப்படிச் செய்யலாமோ, தம்பி?” என்று அம்மா கேட்டார். சுற்றிலும் நல்ல குருத்தெலும்பு இருந்தால்தான் பள்ளத்தை நிரப்ப முடியும். அவருக்கோ மூட்டு முழுவதும் தேய்ந்திருக்கிறது. கன்னியா வெந்நீரூற்றுக் குளியல் அவருடைய வலியைத் தணிக்கிறது, குருத்தெலும்பை வளர்ப்பதில்லை. தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியே இப்போதைக்கு அவருக்கான மருந்து; பின்னர் தேவைப்பட்டால் செயற்கை மூட்டு. இன்று மாலை கதிரையில் இருந்தபடி வலது காலை நீட்டிப் பத்துவரை எண்ணச் சொன்னேன்; எட்டில் கால் நடுங்கத் தொடங்கியது.