அக்காவின் ரத்தத்தில் இல்லாத நொதி

பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்காக அக்காவை அழைத்துப் போயிருந்தோம். மயக்க மருத்துவர் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் விசாரித்துவிட்டு, "நீங்கள் ஆரிய வைசியரா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியிலுமா சாதி என்று அத்தானுக்கு முகம் சுருங்கிவிட்டது. "குடும்பத்தில் யாராவது ஆபரேஷன் முடிந்தும் வெகுநேரம் மூச்சு திரும்பாமல் கிடந்தார்களா?" என்பது அடுத்த கேள்வி. பெரியப்பாவுக்கு அப்படி ஆகி, வென்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். மயக்க மருந்து அதிகமாகிவிட்டது என்றுதான் வீட்டில் பேச்சு.

ரத்தத்தில் சூடோகோலினெஸ்டரேஸ் என்ற நொதியைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ரத்தம் எடுக்குமிடத்தில் இருந்தவர் அதைப் படித்துவிட்டுக் குரலைத் தணித்து, "எப்போது குடித்தார்கள்?" என்றார். இந்தப் பரிசோதனை பெரும்பாலும் பூச்சிமருந்து குடித்தவர்களுக்கு எழுதப்படுவது. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து முடக்குகிற நொதிகளில் இதுவும் ஒன்று. அக்கா சிரித்துவிட்டாள். முடிவில் நொதியின் செயல்பாடு அநேகமாகப் பூஜ்யம்.

இந்த நொதிக்கான மரபணு பிசிஎச்ஈ, 3ஆம் குரோமோசோமில் இருக்கிறது. கல்லீரல் நொதியைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. தொண்டையில் குழாய் செலுத்தத் தசைகளைத் தளர்த்தும் சக்சினைல்கோலினை இதுதான் உடைக்கிறது. அதனால் மருந்தின் வேலை சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். நொதி இல்லாதவருக்கு மணிக்கணக்கில் நீளும். மூச்சுத் தசையும் அசையாது. மயக்கம் தெளிந்து நினைவு வந்தும் விரலைக்கூட அசைக்க முடியாமல் கிடக்க நேரலாம். பெரியப்பா பட்ட பாடு அப்போதுதான் புரிந்தது. மற்றபடி நொதி இல்லாததால் அன்றாட வாழ்வில் ஒரு குறையும் இல்லை. நரம்பும் தசையும் சேருமிடத்து வேலையை அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற வேறொரு நொதி பார்த்துக்கொள்கிறது.

பிறகு மரபணுப் பரிசோதனையும் செய்தோம். அறிக்கையில் நொதியின் 335ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் புரோலின் என்றிருந்தது. வைசியர்களிடம் இந்த மாற்றத்தைக் கண்டறிந்து, கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2006இல் வெளியிட்ட கட்டுரையிலோ 307. மருத்துவர் சாதியைக் கேட்டதும் இதனால்தான். வேறு மாற்றமோ என்று குழம்பி மருத்துவரிடமே கேட்டேன். புரதம் முதலில் 602 அமினோ அமிலங்களோடு உருவாகிறது. முகப்பிலிருக்கும் 28 வெட்டப்பட்டு, 574 உள்ள சங்கிலியாக ரத்தத்துக்கு வருகிறது. அந்த 28ஐச் சேர்த்து எண்ணினால் 335, விட்டு எண்ணினால் 307.

ஆபரேஷனுக்குத் தசை தளர்த்த, சக்சினைல்கோலினுக்குப் பதில் ரோகுரோனியம் கொடுத்தார்கள். அதை முறிக்க சுகமாடெக்ஸ் இருக்கிறது. ஒரு சிக்கலும் இல்லை.

அத்தான் எங்களுக்கு மாமன் மகன். எனவே பிள்ளைகளுக்கும் பார்த்தாக வேண்டியிருந்தது. தாயிடமிருந்து ஒரு பழுதான பிரதி நிச்சயம். தகப்பன் வழியிலும் ஒன்று வந்தால்தான் வம்பு. சின்னவளுக்கு ஒன்றோடு போயிற்று. பெரியவனுக்கு இரண்டும் பழுது. சக்சினைல்கோலினும், இதே நொதி உடைக்கிற இன்னொரு தசைத் தளர்த்தியான மிவாகியூரியமும் கூடாது என்று ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை இப்போது அவன் பர்சில் இருக்கிறது. விபத்தில் நினைவிழந்து வருபவரிடம் எதையும் கேட்க முடியாது. அவசரத்துக்குச் சட்டென்று எடுக்கும் மருந்தும் பல இடங்களில் இதே சக்சினைல்கோலின்தான்.