டிவி டைரக்‌ஷன் இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. புனே எஃப்டிஐஐ-யில் (இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம்) டிவி டைரக்‌ஷன், அந்த ஒரு வருடப் படிப்பு. லிஸ்டில் என் பெயர் இருக்கிறது! சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எழுத்துத் தேர்வைப் பற்றி ஏற்கெனவே நிறைய பேர் எழுதிவிட்டார்கள். இரண்டாம் தாளுக்குக் கை வலிக்க எழுதிப் பழகுங்கள், அது போதும். ஆளைப் பிரித்தெடுப்பது இன்டர்வியூதான்.

என்னைக் கரை சேர்த்தது ஒரே பழக்கம். பட்டிமன்றமோ கிரிக்கெட்டோ விவாதமோ, முதலில் சத்தமில்லாமல் பார்ப்பேன். எந்த கேமராவிலிருந்து எதற்கு கட் போகிறது என்று நோட்டில் குறித்துக்கொள்வேன். அப்புறம் சத்தத்தோடு மறுபடி பார்ப்பேன். நடுவர் சிரிக்க ஆரம்பிக்கும்போதே ஷாட் அவர் மேல் இருந்தால், கேமராக்களை மாற்றும் ஸ்விட்ச்சர் பேனலில் உட்கார்ந்திருப்பவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறார் என்று அர்த்தம். சிரித்து முடித்த பிறகு வந்தால், மானிட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார். மல்டிகேமரா டைரக்‌ஷனில் பாதி இதுதான் என்பேன்.

கோச்சிங்கில் இதையெல்லாம் சொல்லித்தரவில்லை. 1959 டெல்லியில் டிவி தொடக்கம், 1975 சென்னை தூர்தர்ஷன், 1982 வண்ண ஒளிபரப்பு என்று தேதிகளை உருப்போட வைத்தார்கள். ஒன்றைக்கூட என்னிடம் கேட்கவில்லை. காசு போனதுதான் மிச்சம்.

கேட்டது இது: தொகுப்பாளராக இருந்து டைரக்‌ஷன் பக்கம் போன ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள். நான் இந்தி நடிகை தபஸ்ஸும் பெயரைச் சொன்னேன். குழந்தை நட்சத்திரமாக வந்தவர். 1972 முதல் 1993 வரை தூர்தர்ஷனில் ‘பூல் கிலே ஹைன் குல்ஷன் குல்ஷன்’ என்ற பேட்டி நிகழ்ச்சியை நடத்தினார். நடுவில் 1985-இல் ஒரு படமும் இயக்கினார். உடனே அடுத்த கேள்வி: தொகுத்து வழங்கியது டைரக்‌ஷனுக்கு எப்படி உதவும்? விருந்தினர் வாய் திறப்பதற்கு முன்பே அவர் பேசப்போகிறார் என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும், கட் எங்கே என்பதும் அதிலேயே இருக்கிறது என்றேன். நோட்டு கொடுத்த பதில் அது. தூர்தர்ஷனின் ‘சுரபி’ நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய சித்தார்த் காக் ஆவணப்பட உலகிலிருந்து கேமரா முன்னால் வந்தவர். அவரையும் சொல்லி, இது எதிர்த்திசைப் பயணம் என்று சேர்த்துக்கொண்டேன்.

நான் ஒரு ஊமைக்கோட்டான், பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு ஏறும். சரளமாகப் பேசுகிறவர்களுக்கு இந்த வழி சலிப்பாக இருக்கலாம். இருந்தாலும் கீழே உள்ளவற்றைச் செய்துவிடுங்கள்:

- மூன்று கேமரா செட்டப்பைப் பேப்பரில் வரையுங்கள். 180 டிகிரி கோட்டையும் (கேமராக்கள் தாண்டக் கூடாத கற்பனைக் கோடு) போடுங்கள்.
- ‘ஸ்டாண்ட் பை டூ, டேக் டூ’ (இரண்டாம் கேமரா தயாராகு, இப்போது அதற்கு மாற்று) என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.
- ஃப்ளோர் மேனேஜர் என்ன செய்வார், தொகுப்பாளர் காதில் டாக்பேக்கில் (கன்ட்ரோல் ரூமிலிருந்து பேசும் லைன்) என்ன கேட்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.
- பிடித்த இயக்குநர் யார் என்றால் சினிமாக்காரர் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் விண்ணப்பித்திருப்பது டிவிக்கு.

நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். என்னுடையதை வாங்கிப் புரட்டினார்கள். மிச்சக் கேள்விகள் எல்லாம் அதிலிருந்தே வந்தன.