அரைச் சுற்றில் தொடங்கிய வேலை

ஒவ்வொரு ஞாயிறும் பொல்கொடை ஏரியில் படகை இறக்கும்போது, எஞ்சினைப் படகின் பின்சுவரோடு பிடித்துவைக்கும் இரண்டு கைத்திருகிகளையும் அரைச் சுற்றுக் கூடுதலாக இறுக்க வேண்டியிருந்தது. திருகியின் மரை தேய்ந்துவிட்டது என்றே மூன்று மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், அது கடித்துக்கொண்டிருந்த பலகை உள்ளுக்குள் நசுங்கிக்கொண்டிருக்கிறது.

படகு 14 அடி, பழைய பைபர், என் கைக்கு வந்தபோதே இரண்டு பேர் பாவித்தது. எஞ்சின் 15 குதிரைவலு. பைபர் படகு என்று சொன்னாலும், எஞ்சினைத் தாங்கும் பின்சுவர், அதாவது டிரான்சம், முழுக்க பைபர் இல்லை. இரண்டு பைபர் தோலுக்கு நடுவே ஒட்டுப்பலகை. ஒரு ஆணித் துளை வழியே தண்ணீர் உள்ளே போனால் வெளியே வர வழியில்லை.

மட்டக்குளியில் மாமி வீட்டு முற்றத்தில் படகை ஏற்றிவைத்து, சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தேன். மேலே ‘டக் டக்’, கீழே ‘தொப் தொப்’. எஞ்சினைப் பாதி சாய்த்து அதன் அடிப்பக்கத்தை அமுக்கினால், டிரான்சத்தின் மேல் விளிம்பு கண்ணுக்குத் தெரிய அசைந்தது. முகத்துவாரத்தில் படகு கட்டும் அண்ணை ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் தட்டக்கூட இல்லை. “தம்பி, தட்டிக்கொண்டு நிக்காமல் துளைச்சுப் பாரும்” என்றார்.

உள்பக்கமாக 5 மில்லிமீற்றர் துளை ஒன்பது போட்டேன். மேல் வரிசையில் வெளிறிய, காய்ந்த தூள். நடுவில் கறுத்த ஈரத் தூள். கீழ் வரிசையில் தூளே இல்லை, பழுப்புத் தண்ணீர் ஒழுகியது. துளை வழியே மெல்லிய எபொக்சியை, அதாவது இரண்டு திரவம் கலந்தால் இறுகும் பசையை, ஊற்றி மரத்தை இறுக வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஊறிப்போன மரத்தில் எபொக்சி எங்கே போய்ப் பிடிக்கும்? அந்த யோசனையை அன்றே விட்டுவிட்டேன்.

மழை குறைந்த பெப்ரவரியில் தொடங்கினேன். படகின் அடிக்கு முட்டுக்கொடுத்து, நீர்மட்டம் வைத்துச் சரிபார்த்தேன். முதுகெலும்பு போன்ற பலகையை எடுத்த பிறகு ஓடு கோணினால், அந்தக் கோணலே நிரந்தரமாகிவிடும். ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டு உள்தோலை வெட்டி எடுத்தேன். வெளித்தோலைத் தொடவில்லை, அதுதான் புதுப் பலகைக்கு அச்சு. உள்ளே ஊறப்போட்ட தென்னமட்டை நாற்றம். அழுகின மரம் ஒரு மணித்தியாலத்தில் கையோடு வந்தது. நன்றாக இருந்த மேல்பகுதிதான் உளியும் கிரைண்டருமாக இரண்டு வார இறுதியைத் தின்றது. பைபர் தூசுக்கு முகமூடி போட்டேன், முழுக்கைச் சட்டை போட மறந்தேன். இரண்டு இரவு சொறிந்துகொண்டே கிடந்தேன்.

மொரட்டுவையில் 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட், அதாவது தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகை, வாங்கினேன். ஒரு துண்டைச் சட்டியில் போட்டுச் சில மணித்தியாலம் கொதிக்கவைத்தேன், அடுக்குகள் பிரியவில்லை. சட்டியை மாமி திரும்ப வாங்க மறுத்துவிட்டார்.

அப்புறம் பசைச் சண்டை. “நாங்கள் பொலியெஸ்டர்லதான் செய்யிறம், எந்தப் படகு தாண்டது?” என்றார் அண்ணை. புதிதாக வார்க்கும் படகுக்கு அவர் சொல்லும் பொலியெஸ்டர் பிசின் சரி. ஆனால் பழைய பைபரிலும் மரத்திலும் ஒட்ட எபொக்சிதான் இறுகப் பிடிக்கும். செலவு கூட, அதைச் சொல்லத்தான் வேண்டும். இன்னொன்று: சாதாரண மெட்டின், அதாவது நெய்யாமல் வெட்டிப் பரப்பிய பைபர் விரிப்பின், இழைகளைச் சேர்த்துவைத்திருக்கும் பசை பெரும்பாலும் பொலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபொக்சியில் அது விறைத்தே நிற்கும். அதனால் நெய்த பைபர் துணியாக வாங்கினேன்.

முதல் கலவை வீண். ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் 600 மில்லிலீற்றர் கலக்கி, பலகையைத் துடைக்கத் திரும்பினேன். டப்பா புகைந்து, அடி உருகி, முற்றத்தில் கல்லாகிக் கிடந்தது. மொத்தமாக நின்றால் தன் சூட்டிலேயே வெந்துவிடும், கொழும்பு வெயில் வேறு. அதன் பிறகு காலை ஆறு மணிக்கு, அகலத் தட்டில், 200 மில்லிலீற்றர் மட்டும்.

பிளைவுட்டில் வெட்டிய இரண்டு பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டி, வெட்டிய விளிம்புகளுக்கும் எபொக்சி பூசி, மரத்தூள் கலந்த கெட்டிக் கலவையைத் தடவி வெளித்தோலோடு வைத்தேன். குறுக்குச் சட்டங்களைப் பொலித்தீனில் சுற்றி, போல்ட் போட்டு இறுக்கினேன். நாலு பக்கமும் கலவை பிதுங்கியபோதுதான் மூச்சு வந்தது. மூலைகளை வளைவாக நிரப்பி, ஒன்றைவிட ஒன்று அகலமாக மூன்று துணி. ஒவ்வொரு அடுக்கும் காய்ந்ததும் மேலே மெழுகு போலப் படியும். அதைத் தண்ணீரும் தேய்ப்பானும் கொண்டு கழுவாமல் உரசினால், அழுக்கை உள்ளே தேய்த்து விடுவதுதான் நடக்கும்.

தண்ணீர் போன வழி, மீன் காட்டும் கருவியின் சென்சருக்காக யாரோ போட்ட நாலு ஸ்குரூ. துளையில் வெறும் சிலிக்கோன், அதுவும் உரிந்திருந்தது. இந்த முறை வெளியே சிறிய கட்டை ஒன்றை ஒட்டி அதில்தான் சென்சர், ஆணி டிரான்சத்துக்குள் போகாது. தண்ணீர் வடிக்கும் ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து, எபொக்சியால் நிரப்பி, அதற்குள் மறுபடி துளைத்தேன்.

எஞ்சினைப் பூட்டியதும் இரண்டு திருகியிலும் வெள்ளைக் கோடு போட்டுவைத்தேன். நாலு ஞாயிறு ஓடிவிட்டது, கோடு அசையவில்லை. டிரான்சம் இன்னும் சாம்பல் நிறப் பூச்சோடுதான் நிற்கிறது. எபொக்சி வெயிலைத் தாங்காது, அதன் மேல் ஜெல்கோட்டும், அதாவது பைபர் படகின் வழக்கமான வெளிப்பூச்சும், சரியாகப் பிடிக்காது. மழை தொடங்குமுன் பொலியூரிதேன் பெயின்ட் அடித்தாக வேண்டும்.