வெள்ளையன் ஏன் மண்ணில் புரள்கிறான்?

முட்டி வலியால் பெரியப்பா வண்டி ஓட்டுவதை விட்டதும், பர்மாவின் மேமியோ ஊரில் அவர் வைத்திருந்த குதிரை வண்டியும் அதை இழுக்கும் குதிரை வெள்ளையனும் என் பொறுப்புக்கு வந்துவிட்டன. முதல் நாள் சவாரி முடிந்து வாரையெல்லாம் அவிழ்த்தேன், உடனே அவன் முற்றத்து மண்ணை மோந்து பார்த்து, முன்னங்காலை மடித்துப் படுத்து, நாலு காலும் மேலே தெரிய இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டான். வலிப்புதான் என்று நினைத்துக் கிட்டே ஓடினேன். "விலகுடா, காலை வீசினால் மூஞ்சி போயிடும்!" என்று பெரியப்பா கத்தினார்.

அவர் சொல்லித்தான் கவனிக்க ஆரம்பித்தேன். வார் அழுத்தி வியர்வை காய்ந்த இடத்தில் அரிக்கும், கை இல்லாத பிராணி வேறு எப்படி முதுகைச் சொறியும்? குளிர்காலம் போனதும் உதிரும் முடிக்கும் அதுதான் வழி. மழை நாளில் பூசிக்கொள்ளும் சேறு காய்ந்தால் ஈ கடிக்காது. புரண்டு எழுந்ததும் தலை முதல் வால் வரை ஒரு உதறு உதறுவான், தூசி பறக்கும், அப்புறம் புல்லுக்குப் போய்விடுவான்.

அந்த உதறல்தான் முக்கியம், வயிற்று வலியில் புரண்டால் அது இருக்காது என்று ஒரு கோடை இரவில் புரிந்தது. அன்று நான் அவன் தீனியைத் திடீரென்று வெறும் காய்ந்த வைக்கோலுக்கு மாற்றியிருந்தேன், தண்ணீரும் அவன் சரியாகக் குடிக்கவில்லை. படுத்தான், புரண்டான், எழுந்தான், உதறவே இல்லை, மறுபடி படுத்தான். விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான், பின்னங்காலால் வயிற்றை உதைத்தான், மத்தியானத்திலிருந்து லத்தியும் இல்லை. விலாவில் காதை வைத்தேன், குடலில் எப்போதும் கேட்கும் குடகுட சத்தம் கேட்கவில்லை. தாடைக்கு அடியில் நாடி பிடித்தால் நிமிடத்துக்கு 60, ஓய்வில் 28 முதல் 44 வரைதான் இருக்க வேண்டும்.

கால்நடை சயாவுக்கு, அதாவது மருத்துவருக்கு, போன் செய்துவிட்டுத் தீனியை எடுத்துவிட்டேன், மெதுவாக நடத்திக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் வாயில் எண்ணெய் ஊற்றச் சொன்னார், நல்லவேளை நான் ஊற்றவில்லை, நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்று சயா வந்து சொன்னார். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது, அதனால் அவர் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டுப் பார்த்து, பிறகு அதிலேயே தண்ணீரும் எண்ணெயும் செலுத்தினார். வலிக்கு ஊசியும் போட்டார்.

விடியும்போது லத்தி போட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து முற்றத்தில் விட்டபோது மண்ணை மோந்தான், படுத்துப் புரண்டான், எழுந்து என் மேலெல்லாம் தூசி படிய உதறினான்.